ஐந்து வயது வரை பேசாத குழந்தை: குமரகுருபரர் கதையில் நாம் பாதியில் நிறுத்திவிடும் இடம்

ஓம் சரவணபவ.

குமரகுருபரர் கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஐந்து வயசு வரைக்கும் பேசாத குழந்தை, திருச்செந்தூர்ல முருகன் அருளால வாய் திறந்து, திறந்த வாயோட கந்தர் கலிவெண்பா பாடின அற்புதம். சஷ்டி வந்தா ஏதாவது ஒரு குரூப்ல இது வந்துடும். கூடவே, இத்தனை நாள் படிச்சா பேச்சு வரும்னு கீழே ஒரு வரியும் இருக்கும். நானும் பல தடவை ஃபார்வர்டு பண்ணியிருக்கேன்.

அந்தக் கதை எனக்கு அங்கேயே முடிஞ்சிருந்தது. குழந்தை பேசிடுச்சு, அரோகரா, அவ்வளவுதான். ஆனா அவர் வாழ்க்கை அங்கேதான் ஆரம்பிக்குது. அதுக்கு அப்புறமும் ஒரு தடவை அவர் பேச்சு நின்னிருக்கு. இன்னொரு தடவை, பேச்சு இருந்தும் ஒரு சொல்கூடப் பயன்படாத ஊர்ல போய் நின்னிருக்கார். இதையெல்லாம் நான் கவனிச்சதே எங்க அப்பாவுக்குப் பேச்சு போன பிறகுதான். அதனால அப்பாவைப் பத்தியும் கொஞ்சம் சொல்றேன். பொறுத்துக்கோங்க.

முதல்ல சுவாமிகள் கதை.

தாமிரபரணி வடகரையில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதியில் ஒன்று என்று பெருமாள் பக்தர்களுக்குத் தெரியும். அதே ஊரில் கைலாசநாதர் கோயிலும் உண்டு, நவகைலாயத்தில் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் சண்முக சிகாமணிக் கவிராயர் என்று ஒரு புலவர் வாழ்ந்தார். மனைவி சிவகாமசுந்தரி அம்மையார். பெயரிலேயே சண்முகனை வைத்திருக்கிற சைவக் குடும்பம். தமிழ்தான் அந்த வீட்டின் தொழில், சொத்து, மூச்சு எல்லாமே. அந்த வீட்டில் பிறந்த குழந்தை பேசவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்க. அப்பா கவிராயர். வாசலில் பாடம் கேட்க வருகிறவர்கள், திண்ணையில் செய்யுள், வீடு முழுக்கச் சொல். நடுவில் ஒரு குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு வயசு ஆச்சு. ரெண்டு ஆச்சு. மூணு ஆச்சு. இந்த மாதிரி வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு நமக்குத் தெரியும். பயலுக்கு இன்னும் பேச்சு வரலையா, உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கான்னு கேட்பாங்க. நானூறு வருஷத்துல கேள்விகள் பெரிசா மாறியிருக்காது.

ஐந்து வயது ஆனபோது பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போனார்கள். செந்திலாண்டவன் சந்நிதியிலேயே தங்கி விரதம் இருந்தார்கள். ஒரு மண்டலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முருகனே அர்ச்சகர் வடிவில் வந்து, கையில் ஒரு பூவைக் காட்டி இது என்ன என்று கேட்டதாகவும், குழந்தை அந்தப் பூவிலிருந்தே தொடங்கிப் பாடியதாகவும் ஒரு வழக்கு உண்டு. கந்தர் கலிவெண்பாவின் முதல் சொல் பூ என்பதாகவே இருக்கிறது.

கந்தர் கலிவெண்பா படித்தவர்களுக்குத் தெரியும், அது குழந்தைப் பாட்டு இல்லை. சைவ சித்தாந்தம் முழுக்க அதற்குள் அடங்கியிருக்கிறது. முருகனின் ஆறு முகம், பன்னிரண்டு கை, ஒவ்வொரு கையின் வேலை, அவதாரம், சூரபன்மனோடு போர் என்று போய், கடைசிப் பகுதியில் வேண்டுதல் வரும். அங்கே அவர் கேட்கும் வரங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? சொல்தான். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகைக் கவி பாடும் திறம் வேண்டும், அட்டாவதானம் வேண்டும், எழுத்து முதலான ஐந்து இலக்கணமும் வேண்டும் என்று கேட்கிறார். ஐந்து வருஷம் சொல் இல்லாமல் இருந்த பிள்ளை. வேறென்ன கேட்கும்?

எங்க அப்பா இந்தக் கலிவெண்பாவை தினமும் சொல்வார். பாளையங்கோட்டையில வீடு. காலையில குளிச்சிட்டு, நெத்தியில விபூதியோட, ஊஞ்சல்ல உட்கார்ந்து மனப்பாடமா முழுசும் சொல்லி முடிச்சிட்டுத்தான் காப்பி. எனக்கு அது அலாரம் மாதிரி. அர்த்தம் தெரியாம காதுல விழுந்தே பாதி மனசுல நின்னுடுச்சு.

ஒரு நாள் காலையில அப்பா பேசினது குழறிச்சு. வலது கையில பிடிச்சிருந்த டம்ளர் நழுவிச்சு. அம்மா எனக்கு போன் பண்ணினாங்க. நான் சென்னையில ஆபீஸ்ல ஒரு மீட்டிங்ல இருந்தேன். ராத்திரி சரியா தூங்கலையோ என்னவோ, படுக்க வைங்கம்மா, சாயங்காலம் டாக்டர்கிட்ட போகலாம்னு சொல்லிட்டு வச்சிட்டேன். அதுக்காக நான் இன்னிக்கு வரைக்கும் என்னை மன்னிக்கல. அது பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருந்தது. அதைக் கரைக்கிற ஊசியை அறிகுறி ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நாங்க போனபோது நேரம் தாண்டியிருந்தது.

அப்பா பிழைச்சார். கை, கால் ஓரளவு தேறிச்சு. ஆனா பேச்சு வரல. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். சரி. தண்ணி வேணும்னாலும் சரி. கோபம் வந்தாலும் சரி. என் பேரைக் கூப்பிடணும்னாலும் சரி. நாம சொல்றது அவருக்குப் பெரும்பாலும் புரிஞ்சது. மனசுல என்ன இருக்குன்னும் தெரியும். சொல்லை எடுக்கத்தான் முடியல. இதுக்கு அஃபேசியான்னு பேர். பெரும்பாலானவங்களுக்கு மூளையோட இடது பக்கம்தான் மொழியைப் பார்த்துக்குது. அங்கே அடி பட்டா இப்படி ஆகும். 1861-ல பாரிஸ்ல புரோக்கான்னு ஒரு மருத்துவர், டான் என்ற ஒரே அசையை மட்டுமே சொல்லிக்கிட்டிருந்த ஒரு நோயாளியை வச்சுத்தான் இந்த இடத்தை அடையாளம் காட்டினார். அவரைச் சுத்தி இருந்தவங்க அவரையே டான்னுதான் கூப்பிட்டாங்களாம். அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் குமரகுருபரர் கதையைச் சொன்னாங்க. ஒருத்தர், மருந்தெல்லாம் எதுக்கு, கலிவெண்பாவை 48 நாள் படிங்கன்னார். அம்மா படிச்சாங்க. ஒரு கிருத்திகை அன்னிக்கு அம்மா படிச்சுக்கிட்டிருக்கும்போது பக்கத்துல இருந்து அப்பா குரல். கூடவே சொல்றார். தெளிவா, சொல் பிசகாம, நாலஞ்சு கண்ணி. அம்மா கையில இருந்த புஸ்தகம் நடுங்குது. நான் ஓடி வந்து அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்பா என் பேர் சொல்லுங்கன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். வாய் திறந்தார். சரி.

அன்னிக்கு எனக்கு முருகன் மேல வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பாட்டைக் கொடுத்தே, பேச்சைக் கொடுக்க மாட்டியான்னு பூஜை ரூம்ல நின்னு கத்தினேன்.

ஸ்பீச் தெரபி பார்க்கிறவங்க பிறகு விளக்கினாங்க. இது அஃபேசியா இருக்கிறவங்ககிட்ட அடிக்கடி பார்க்கிறதுதானாம். பல வருஷமா மனப்பாடமா ஓடின பாட்டு, ஸ்லோகம், ஒன்னு ரெண்டு மூணு எண்றது எல்லாம் புதுசா ஒரு வாக்கியம் கட்டிப் பேசுற வழியில வராது, வேற வழியில வரும். மெட்டுக்கு மூளையோட வலது பக்கமும் உதவி பண்ணும். அதை வச்சே, ராகம் போட்டுச் சின்னச் சின்ன வாக்கியத்தைச் சொல்ல வைக்கிற சிகிச்சை முறை 1970-களிலேயே வந்திருக்கு. அதனால பாட்டு வந்ததை ஏமாத்தம்னு நினைக்காதீங்க, அது உள்ளே போக ஒரு வாசல்னு சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் குமரகுருபரர் வாழ்க்கையை முழுசா எடுத்துப் படிச்சேன். அங்கே எனக்குத் தெரியாத ஒரு குமரகுருபரர் இருந்தார்.

பேச்சு வந்த பிள்ளை வளர்ந்து, கல்வி கற்று, ஊர் ஊராகக் கோயில்களைப் பாடிக்கொண்டு புறப்பட்டார். சொந்த ஊர்க் கைலாசநாதர் மேல் கயிலைக் கலம்பகம் பாடினார். அப்புறம் மதுரை. அங்கே திருமலை நாயக்கர் ஆட்சி. 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மன்னர் முன்னிலையில் மீனாட்சியம்மன் சந்நிதியில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது. அம்மனே அர்ச்சகரின் சின்னப் பெண் வடிவில் வந்து, மன்னர் மடியில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டு, மன்னர் கழுத்தில் இருந்த முத்துமாலையை எடுத்துக் குமரகுருபரர் கழுத்தில் போட்டு மறைந்தாள் என்பது வரலாறு. மன்னர் கேட்டுக்கொண்டதற்காக நீதிநெறி விளக்கம் என்ற நூலையும் செய்து கொடுத்தார்.

இதுல நான் நின்ன இடம் முத்துமாலை இல்லை, பிள்ளைத்தமிழ்.

பிள்ளைத்தமிழ் என்றால் தெய்வத்தைக் குழந்தையாக வைத்து, அந்தக் குழந்தை வளர்வதைப் பத்துப் பருவமாகப் பாடுவது. இரண்டாவது பருவம் செங்கீரை. ஐந்தாம் மாதம் குழந்தை தலை நிமிர்த்தி ஆடும் பருவம். கீர் என்றால் சொல், குழந்தையின் பொருள் புரியாத மழலையைக் குறிக்கும் என்றும் விளக்கம் சொல்கிறார்கள். அடுத்தது தால். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் தாலாட்டு. அப்புறம் சப்பாணி, கை தட்டும் பருவம். அப்புறம் முத்தம். அப்புறம் வா வா என்று கூப்பிடும் வருகை.

மழலை, நாக்கு, வாய், கூப்பிட்டால் வருவது. ஐந்து வயசு வரைக்கும் பேசாத ஒரு குழந்தையோட வீட்டில் பெத்தவங்க எதையெல்லாம் எதிர்பார்த்து ஏங்கியிருப்பாங்களோ, அதையெல்லாம் வரிசையா வச்சுப் பாடுற இலக்கியம் அது. அதையே அவர் ரெண்டு தடவை பாடியிருக்கார். மதுரையில மீனாட்சிக்கு ஒன்னு, பிறகு வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்னு. தன் குழந்தைப் பருவத்துல விட்டுப்போன மழலையை மீனாட்சிக்கும் முருகனுக்கும் கொடுத்துட்டார்னு எனக்குத் தோணும். இது என் கற்பனைதான். ஆனா அந்தப் பாட்டை இப்போ கேட்டா வேற மாதிரி கேட்குது.

மதுரைக்குப் பிறகு அவர் குருவைத் தேடிப் போகிறார். திருச்செந்தூரிலேயே முருகன் அவருக்கு ஒரு குறிப்புக் கொடுத்திருந்ததாகச் சொல்வார்கள். யார் முன்னால் உன் பேச்சு நிற்கிறதோ, அவரே உன் குரு.

பேச்சைக் கொடுத்த முருகன் என்ன அடையாளம் சொல்லியிருக்கார் பாருங்க. பேச்சு பெருகுற இடத்தைச் சொல்லல. நிக்கிற இடத்தைச் சொல்லியிருக்கார்.

திருவாரூர் வழியாகத் தருமபுரம் வந்து சேர்ந்தார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் தருமபுர ஆதீனம். அப்போது நான்காவது குருமகா சந்நிதானமாக இருந்தவர் மாசிலாமணி தேசிகர். இவரோ மன்னர் மதித்த புலவர், மீனாட்சியே மாலை போட்ட கவி. எந்தச் சபையிலும் யாருக்கும் பதில் சொல்லாமல் நின்றதில்லை. தேசிகர் ஒரு பாட்டைச் சொல்லிக் கேட்டார். பெரியபுராணத்தில், தில்லையில் சுந்தரர் நடராஜரைத் தரிசித்தபோது அவருக்குள் என்ன நடந்தது என்று சேக்கிழார் பாடிய பாட்டு. ஐந்து புலனும் கண்ணில் ஒடுங்கி நின்ற அனுபவம் அது. சொல்லுக்குப் பொருள் தெரிந்த குமரகுருபரருக்கு அந்த அனுபவத்துக்குப் பதில் வரவில்லை. வாய் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே குருவை அறிந்து காலில் விழுந்தார்.

இந்த இடத்தை நான் நாலு தடவை படிச்சேன். ஐந்து வயசுல பேச்சு இல்லாதது குறையா பார்க்கப்பட்டுச்சு. இப்போ அதே மனுஷனுக்கு, அதே வாய்ல, பேச்சு நிக்குது. இதை யாரும் குறைன்னு சொல்லல. ஞானத்தோட வாசல்னு சொல்றாங்க. ரெண்டுக்கும் நடுவுல மாறினது என்ன? எதிர்ல இருந்தவர். பேசாத ஒருத்தரைப் பார்த்து இவனுக்குள்ள ஒன்னுமில்லைன்னு நினைக்காம, உள்ளே நிறைய இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்ட ஒருத்தர் எதிர்ல இருந்தார்.

தயவுசெய்து தப்பா எடுத்துக்காதீங்க. அஃபேசியாவும் ஞானிகளோட மௌனமும் ஒன்னுன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க அப்பா மௌனத்தைத் தேர்ந்தெடுக்கல. அது அவர்மேல வந்து விழுந்தது. பேச முடியாம அவர் தலையில அடிச்சுக்கிட்ட நாட்கள் உண்டு. அதை ஆன்மிகம்னு அழகுபடுத்தினா அது பாவம். நான் கத்துக்கிட்டது என்னைப் பத்தினது. அப்பா முன்னால நான் எப்படி உட்கார்ந்திருந்தேன்? அவர் இருக்கும்போதே அம்மாகிட்ட, அப்பா சாப்பிட்டாரான்னு கேட்பேன். காது நல்லா கேட்கிறவர்கிட்ட சத்தமா கத்திப் பேசுவேன். அவர் ஒரு சொல்லைத் தேடிக்கிட்டு இருக்கும்போதே நானே முடிச்சிடுவேன். அவர் வாய்தான் நின்னிருந்தது, ஆனா மனுஷனே இல்லாத மாதிரி நடத்தினது நான்.

கதைக்கு வருவோம். குருவைக் கண்டவர் துறவு கேட்டார். காசிக்குப் போய்வந்த பிறகு ஆகட்டும் என்று தேசிகர் சொன்னாராம். காசி தூரம். அதற்குப் பதில் சிதம்பரத்தில் தங்கும்படி குருவே வழிவிட்டார். போகும் வழியில் வைத்தீஸ்வரன் கோயிலில்தான் முன்பு சொன்ன முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ். சிதம்பரத்தில் இருந்தபோது சிதம்பர மும்மணிக்கோவை, சிதம்பரச் செய்யுட்கோவை. திரும்பி வந்து துறவு பெற்றார். தன் பேச்சை நிறுத்திய குருவின் மேலேயே பண்டார மும்மணிக்கோவை பாடினார்.

பிறகு காசிக்கே போனார். அங்கே மூன்றாவது சோதனை. வட தேசம், முகலாயர் ஆட்சி. காசியில் கேதாரநாதருக்கும், தமிழ் நாட்டிலிருந்து வரும் அடியார்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்றால் ஆட்சியாளரிடம் பேச வேண்டும். பேசுவதற்கு அந்த ஊர் மொழியான இந்துஸ்தானி தெரிய வேண்டும். இவருக்குத் தெரியாது. நால்வகைக் கவியும் அட்டாவதானமும் கேட்டு வாங்கியவர், ஒரு வார்த்தைகூடப் பேச முடியாதவராக நிற்கிறார். ஐந்து வயதில் இருந்த அதே இடம்.

அப்போது கலைமகளை வேண்டிப் பாடியதுதான் சகலகலாவல்லி மாலை. பத்தே பாட்டு. பள்ளிக்கூடத்துல, சரஸ்வதி பூஜையில நாம எல்லாரும் பாடினதுதான். பரீட்சைப் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். உண்மையில அது, வளர்ந்த ஒருத்தர், பேரும் புகழும் உள்ள ஒருத்தர், எனக்குச் சொல் வரல, கத்துக்கணும்னு கேட்ட பாட்டு. அருளும் கிடைத்தது, மொழியும் வந்தது. சிங்கத்தின் மேல் ஏறி அரச சபைக்குப் போனார், ஆட்சியாளர் வியந்து காசியில் இடம் கொடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. கேதார் கட்டத்தில் கோயிலைப் புதுப்பித்தார். குமாரசாமி மடம் உண்டாக்கினார். காசிக் கலம்பகம், காசித் துண்டி விநாயகர் பதிகம் எல்லாம் அங்கே பிறந்தவை.

ஒரு தடவை மட்டும் தருமபுரம் வந்து குருவைத் தரிசித்துவிட்டு மறுபடி காசிக்கே போய், அங்கேயே முக்தி அடைந்தார். வைகாசி மாதத் தேய்பிறைத் திருதியையில் அவருக்குக் குருபூஜை. அவர் வைத்த மடத்தின் பரம்பரையில் வந்த தில்லைநாயக சுவாமிகள் காலத்தில், 1720-இல் திருப்பனந்தாளில் காசி மடம் அமைந்தது. அந்த மடம் இன்றும் தமிழுக்குத் தொண்டு செய்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் அவர் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. பேசாத குழந்தை இருக்கிற வீடு என்று ஊர் சொன்ன அதே ஊர்.

இப்போ சொல்லுங்க, இந்தக் கதையைக் குழந்தை பேசிடுச்சு, அரோகரான்னு முடிக்கலாமா?

எனக்குத் தெரிஞ்சு இதுல மூணு இடம் இருக்கு. பேச்சு வராத குழந்தை. பேச்சு நின்ன பெரியவர். பேச்சு இருந்தும் புதுசா கத்துக்க வேண்டி வந்தவர். மூணு இடத்திலும் அருள் வந்தது. மூணு இடத்திலும் மனுஷங்களும் தங்கள் வேலையைச் செஞ்சாங்க. பெத்தவங்க வீட்டிலேயே உட்கார்ந்து விதின்னு அழல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க, காத்திருந்தாங்க. குரு, பதில் வராதவரைத் துரத்திவிடல, ஏத்துக்கிட்டார். காசியில அவர், எனக்கு இது வராதுன்னு திரும்பி வரல.

அதனால அன்பர்களே, இந்தக் கதையை ஃபார்வர்டு பண்ணுங்க. ஆனா மருந்து வேண்டாம், இதைப் படிங்கன்னு மட்டும் சேர்க்காதீங்க. அந்த ஒரு வரி ஒரு வீட்டோட நேரத்தைத் தின்னுடும். வாய் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா, படுக்க வைக்காதீங்க. நேரத்தைப் பார்த்து வச்சுக்கிட்டு உடனே 108-க்கு போன் பண்ணுங்க. குழந்தை ரெண்டு வயசுல ரெண்டு சொல் சேர்த்துப் பேசலைன்னா, அஞ்சு வயசு வரைக்கும் பார்க்கலாம், குமரகுருபரரே அப்படித்தானேன்னு சொல்லாதீங்க. முதல்ல காது கேட்குதான்னு பாருங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. திருச்செந்தூருக்கும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டுக்கும் சண்டை இல்லை.

பேச முடியாதவங்க வீட்ல இருந்தா அவங்ககிட்டேயே பேசுங்க, அவங்களைப் பத்தி பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசாதீங்க. டிவியை நிறுத்துங்க. ஆமா, இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க. படத்தைக் காட்டுங்க. பத்து விநாடி சும்மா இருங்க. அவங்க தேடுற சொல்லை நீங்க பறிக்காதீங்க. மௌன விரதம் இருக்கிற ஒரு சாமியார் முன்னால எவ்வளவு மரியாதையா உட்கார்ந்திருப்போம்? அதுல பாதி போதும்.

போன மாசம் அப்பாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனேன். திருநெல்வேலியிலிருந்து போற பாசஞ்சர் ரயில். ஜன்னல் ஓரம் அப்பா. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு. அப்பா என் தோளைத் தட்டி வெளியே போர்டைக் காட்டினார். எனக்குப் புரிஞ்சுடுச்சு. குமரகுருபரர் ஊர்ன்னு சொல்ல வர்றார். பழைய பழக்கத்துல அதைச் சொல்லி முடிக்க வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். காத்திருந்தேன். வண்டி கிளம்பிடுச்சு. அப்பா உதட்டை அசைச்சுப் பார்த்தார். கலிவெண்பா சொல்ற அதே ராகத்துல, தெரபியில பழகின மாதிரி, மடியில விரலால தாளம் தட்டிக்கிட்டு, ரெண்டே சொல். நம்ம சாமி.

சரி இல்லை. நம்ம சாமி. அப்பா இன்னும் என் பேரைச் சொல்லல. கோயில்லயும் சொல்லல. சந்நிதியில நின்னு நான் எதுவும் கேட்கல. கேட்கணும்னு நினைச்சுத்தான் போனேன், முன்னால நின்னதும் எனக்கும் பேச்சு வரல.

வேலும் மயிலும் துணை. திருச்செந்தூர் முருகனுக்கு அரோகரா!